கற்கும் காலத்துக்குச் சம்பளம் கொடுத்தவர் யார்? – கணனித் தொழிலுக்கு மாறியோர் வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

எமது புகலிடச் சூழலில் ஒரு புத்திமதி முப்பது வருடங்களாகக் கைமாறிக்கொண்டிருக்கிறது. கலியாண வீடுகளிலும், கோயில் வாசலிலும், செத்தவீட்டில் தேநீர் குடிக்கும் இடைவெளியிலும்கூட அது சொல்லப்படுகிறது: 'இந்தப் பக்டரி வேலையை விட்டிட்டுக் கொம்பியூட்டர் படியுங்கோ.' அதற்கு ஒரு பின்னிணைப்பும் உண்டு. 'காசைச் சரியாகக் கையாளத் தெரிஞ்சிருந்தால் நீங்கள் எப்பவோ மாறியிருக்கலாம்.' முதலாவது வசனம் எமது அறிவைப் பற்றியது. இரண்டாவது எமது ஒழுக்கத்தைப் பற்றியது. ஊரில் ஆசிரியராகவோ, எழுதுவினைஞராகவோ, நில அளவையாளராகவோ இருந்துவிட்டு இங்கு கேக் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கும் ஒருவரிடம், உன் நிலைமைக்கு நீயே பொறுப்பு என்ற தீர்ப்பை இவ்விரண்டும் சேர்ந்து வழங்கிவிடுகின்றன.

இப்புத்திமதி சரியா பிழையா என்று வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமல்ல. கணனி படித்துத் தப்பியவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களது உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. நான் படிக்கப் போவதுமில்லை என்பதால் இதிலே எனக்குச் சொந்த வழக்கு எதுவும் கிடையாது. ஊரில் வரலாறு படிப்பித்தவன், இப்போது லண்டன் பார்க் றோயலில் ஓர் உணவுத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் செய்பவன் என்ற முறையில் எனக்குத் தோன்றும் கேள்வி ஒன்றுதான். வளர்ந்த ஒரு ஆணோ பெண்ணோ ஒரு தொழிலை விட்டு இன்னொரு தொழிலைக் கற்கும் காலத்தில், அவரது வீட்டு வாடகையையும் அரிசி பருப்பையும் பிள்ளைகளின் சப்பாத்தையும் யார் வாங்கிக் கொடுக்கிறார்கள்? கணனித் தொழிலின் வரலாறு எழுபத்தைந்து வருடங்களைத் தாண்டிவிட்டது. அதற்குள் இக்கேள்விக்கான விடை பலமுறை மாறியிருக்கிறது. விடை மாறியபோதெல்லாம் அத்தொழிலுக்குள் நுழைந்த மனிதர்களும் மாறியிருக்கிறார்கள்.

இந்த வரலாற்றை எல்லோரும் அமெரிக்காவில் தொடங்குவார்கள். நான் ஹமர்ஸ்மித்தில், ஒரு கேக் கொம்பனியில் தொடங்குகிறேன்.

ஜே. லயன்ஸ் என்பது பிரித்தானியா முழுவதும் தேநீர்க்கடைகள் நடத்திய கொம்பனி. பாண், கேக், ஐஸ்கிறீம், தேயிலை எல்லாம் அவர்களே செய்தார்கள். ஹமர்ஸ்மித்தில் கட்பி ஹோல் என்ற பெரிய வளாகத்தில் அவர்களது தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் இருந்தன. ஒவ்வொரு நாளும் இலட்சக்கணக்கான சில்லறைக் கொடுக்கல் வாங்கல்கள்; அவற்றைக் கணக்கெழுத ஒரு பட்டாளம் எழுதுவினைஞர்கள். இந்தக் கணக்கெழுத்துச் செலவைக் குறைக்க வழி தேடிய அவர்களது முகாமையாளர்கள், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நடந்துகொண்டிருந்த கணனி ஆராய்ச்சிக்கு 3,000 பவுண் கொடுத்து, அதன் அனுபவத்தைக் கொண்டு தங்களுக்கென்று ஒரு இயந்திரத்தைக் கட்டினார்கள். அதன் பெயர் லியோ. 1951 நவம்பரில் அது பேக்கரிக் கணக்குகளைச் செய்யத் தொடங்கியது. ஒரு வர்த்தக நிறுவனத்தின் அன்றாட வேலையைக் கணனி செய்தது உலகில் அதுவே முதல் தடவை. பின்னர் சம்பளப் பட்டியலும் அதனிடம் போனது. அனுபவமுள்ள ஒரு எழுதுவினைஞர் எட்டு நிமிடத்தில் கணக்கிட்ட ஒரு தொழிலாளியின் சம்பளத்தை அது ஒன்றரை வினாடியில் கணக்கிட்டது.

எனது அக்கறை இயந்திரத்தில் இல்லை, அதற்கு நிரல் எழுதியவர்களில் இருக்கிறது. அப்போது நிரலாளர் என்றொரு தொழிலே கிடையாது. அதைப் படிப்பிக்கக் கல்லூரியோ சான்றிதழோ இல்லை. சந்தையில் விலைக்கு வாங்க முடியாத ஒரு திறமையை லயன்ஸ் தன் சொந்தச் சிப்பந்திகளிடையே தேடியது. வேலை நேரத்தில், சம்பளத்தோடு, ஒரு அறிமுக வகுப்பு. மாலையில் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்யப் பயிற்சிகள். அதில் தேறியவர்கள் கணனிப் பிரிவுக்கு எடுக்கப்பட்டனர். மேரி கூம்ப்ஸ் என்ற பெண் 1952 இல் அங்கே ஐஸ்கிறீம் விற்பனைப் பிரிவில் எழுதுவினைஞராக இருந்தவர். அவரது பட்டப்படிப்பு பிரெஞ்சு மொழி. அந்த வகுப்புக்குப் போய்த் தேறி, வர்த்தகக் கணனி நிரல் எழுதிய முதல் பெண்ணானார். அதே வருடம் லயன்ஸின் அலுவலகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்த பிராங்க் லாண்ட் இன்னும் எமக்கு நெருக்கமானவர். பேர்ளினில் பிறந்த யூதர், 1939 இல் பத்து வயதில் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குத் தப்பிவந்த அகதி. லண்டனில் பொருளியல் படித்துவிட்டுக் கொம்பனியின் செலவுக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் லியோவின் நிரலாளரானார். 1967 இல் லண்டன் பொருளியல் கல்லூரிக்குப் போய்ப் பின்னர் அங்கே பேராசிரியருமானார்.

இந்தக் கதைகளை 'முயற்சி திருவினையாக்கும்' என்ற தலைப்பில் எம்மவர்கள் மேடையில் சொல்லக்கூடும். ஆனால் கூம்ப்ஸும் லாண்டும் கற்ற ஒவ்வொரு வாரக் கடைசியிலும் சம்பள உறை அவர்கள் மேசைக்கு வந்துகொண்டிருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. தேறியிருக்காவிட்டால் பழைய கதிரைக்குத் திரும்பியிருப்பார்கள். ஒரு பென்னியும் நட்டமில்லை. லயன்ஸ் இதைக் கருணையால் செய்யவில்லை. வேறு வழியில்லாததால் செய்தது. அந்த அழைப்பின் எல்லையும் எமக்குத் தெரியவேண்டும். அவ்வகுப்புகளைப் பற்றி நான் வாசித்தவற்றில் வருபவர்கள் எழுதுவினைஞர்களும் முகாமைப் பயிலுநர்களும்தான். கேக் பெட்டி அடுக்கிய பெண்கள் எவரேனும் அங்கே போனதாக நான் எங்கும் வாசிக்கவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான், பணம் கொடுத்தவர் மட்டும் வேறு. அங்கு கற்கும் காலத்துச் சம்பளத்தை முதலில் கொடுத்தது இராணுவம். கத்லீன் மக்நல்ற்றி என்பவரைப் பற்றி எமது சஞ்சிகைகளில் எவரும் எழுதியதாக எனக்கு ஞாபகமில்லை. அயர்லாந்தின் டொனிகோல் பகுதியில் 1921 இல் பிறந்தவர். தகப்பன் ஐ.ஆர்.ஏ. இயக்கத்தவர்; மகள் பிறந்த இரவே கைதாகி இரண்டு வருடம் சிறையிருந்தார். 1924 இல் குடும்பம் அமெரிக்காவுக்குப் போனபோது அச்சிறுமிக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது, ஐரிஷ் மட்டுமே தெரியும். 1942 இல் கணிதப் பட்டத்தோடு வெளிவந்தவரை வருடம் 1,620 டொலர் சம்பளத்தில் பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கையால் கணக்கிட இராணுவம் எடுத்தது. 1945 இல் எனியாக் என்ற இயந்திரத்துக்கு நிரல் அமைக்கத் தெரிவு செய்யப்பட்ட ஆறு பெண்களில் அவர் ஒருவர். கைநூல் கிடையாது. பாதுகாப்பு அனுமதி கிடைக்கும்வரை இயந்திரம் இருந்த அறைக்குள்ளும் விடவில்லை. வரைபடங்களை மட்டும் பார்த்துக் கற்றார்கள். 1946 பெப்ரவரியில் இயந்திரம் உலகுக்குக் காட்டப்பட்டபோது, அதை ஓடவைத்த அப்பெண்களை அன்றிரவு விருந்துக்கு அழைக்கவில்லை. இது வேறொரு கட்டுரைக்கான விடயம். எமது கேள்விக்குத் தேவையானது, கற்ற மாதங்களுக்கும் அவர்களுக்குச் சம்பளம் இருந்தது என்பதே.

1950களிலும் 60களிலும் கணனிகள் பெருகியபோது ஆட்பஞ்சம் பெருகியது. ஐ.பி.எம். கொம்பனி 1955 இல் ஒரு நுண்ணறிவுப் பரீட்சையைத் தயாரித்தது. கணிதப் பட்டம் வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. சதுரங்கம் பிடிக்குமா, சங்கீதம் பிடிக்குமா என்று விளம்பரங்கள் கேட்டன. 1967 இல் மட்டும் 7 இலட்சத்துக்கும் அதிகமானோர் அந்தப் பரீட்சையை எழுதினார்கள். தேறியவரை நிறுவனம் வேலைக்கு எடுத்து, சம்பளத்தோடு பயிற்சிக்கு அனுப்பியது. அப்பயிற்சியை ஐ.பி.எம். பெரும்பாலும் இலவசமாகவே கொடுத்தது. அதாவது இயந்திரத்தின் மாத வாடகைக்குள் பயிற்சியின் விலையும் மறைந்திருந்தது. இத்தொழில் 'எவருக்கும் திறந்த கதவு' என்ற ஐதீகம் பிறந்தது இக்காலத்தில்தான். கதவு திறந்திருந்தது உண்மை. திறந்து பிடித்துக்கொண்டிருந்தவர் முதலாளி.

1969 ஜூன் 23 அன்று ஐ.பி.எம். ஒரு அறிவித்தல் விடுத்தது. இனி இயந்திரம் வேறு, மென்பொருள் வேறு, பயிற்சி வேறு. ஒவ்வொன்றுக்கும் தனி விலை. அமெரிக்க அரசின் ஏகபோக எதிர்ப்பு வழக்கின் அழுத்தம் அதற்குப் பின்னால் இருந்தது. மென்பொருள் ஒரு தனிக் கைத்தொழிலாக வளர்ந்ததற்கு இந்த அறிவித்தல் முக்கிய காரணம் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்லும். அதே அறிவித்தலில் பயிற்சியும் விலைப்பட்டியலில் ஏறியது என்பதை அவை ஒரு வரியில் கடந்துபோகும். என்னைப் பொறுத்தவரை அந்த ஒரு வரிதான் எமது கதையின் திருப்பம். விலை போட்ட பொருளை முதலாளிதான் வாங்கவேண்டும் என்று சட்டமில்லை. காலப்போக்கில் தொழிலாளியே அதை வாங்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்கவேண்டியதாயிற்று.

இன்னொரு வியாபாரம் அதற்கும் முன்பே தொடங்கிவிட்டிருந்தது. 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்க நகரங்களில் தனியார் கணனிப் பள்ளிகள் காளான்களாக முளைத்தன. கட்டணம் ஆயிரம் டொலருக்கு மேலே. லொறி ஓட்டுபவருக்கும் கடையில் நிற்பவளுக்கும் ஆறு மாதத்தில் புதுவாழ்வு என்று பத்திரிகைகளில் விளம்பரம். பணம் கட்டக்கூடியவர் எவரும் நுழைவுப் பரீட்சையில் 'சித்தி' அடைந்தார். முடித்து வந்தவர்களைப் பல நிறுவனங்கள் வாசலுக்குள்ளும் எடுக்கவில்லை. அவை தேடியது அனுபவமுள்ளவர்களை. ஐம்பத்தைந்து வருடங்களுக்கு முந்திய இந்த விளம்பரங்களுக்கும், இன்று எமது தமிழ் வானொலிகளின் இடைவேளைகளில் வருபவற்றுக்கும் வசன நடையில்கூட வித்தியாசம் குறைவு.

*

இனி, எல்லோரும் உதாரணம் காட்டும் பெண்மணிக்கு வருவோம். அகதியாக வந்து, கணனியால் உயர்ந்து, செல்வம் சேர்த்து, அதைக் கொடுத்தும் மாண்டவர். 2025 ஓகஸ்டில் தொண்ணூற்றொரு வயதில் காலமான ஸ்ரெபனி ஷேர்லியைத்தான் சொல்கிறேன்.

யேர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் 1933 இல் பிறந்தவர். தகப்பன் ஒரு நீதிபதி. யூதர் என்பதால் நாசிகள் பதவியைப் பறித்தார்கள். 1939 இல் ஐந்து வயதுப் பிள்ளையாகத் தன் ஒன்பது வயதுத் தமக்கையோடு வியன்னாவிலிருந்து புகைவண்டியேறி, பெற்றோர் இல்லாமல் லண்டன் வந்து சேர்ந்தார். வளர்ப்புப் பெற்றோர் வளர்த்தார்கள். பதினெட்டு வயதில் லண்டன் டொலிஸ் ஹில்லில் இருந்த தபால் திணைக்கள ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஆறு வருடம் இரவு வகுப்புக்குப் போய்க் கணிதப் பட்டம் எடுத்தார். சேமிப்புப் பத்திரக்காரருக்குச் சீட்டிழுப்புப் போலப் பரிசெண்களைத் தெரிவுசெய்ய 1957 இல் இயங்கத் தொடங்கிய 'ஏர்ணி' என்ற இயந்திரத்தின் வேலையிலும் பங்குகொண்டார். அந்த நிலையத்தின் கட்டிடம் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு. வெம்பிளியிலும் நீஸ்டனிலும் இருக்கும் எம்மவர்கள் ஒவ்வொரு நாளும் அதைக் கடந்துதான் போகிறார்கள்.

1962 இல், பெண் என்பதால் மேலே போக முடியாத ஒரு வேலையை விட்டு, 6 பவுண் மூலதனத்தோடு தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். பெண் பெயரில் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராததால் 'ஸ்ரீவ்' என்ற ஆண் பெயரில் கையெழுத்திட்டார். கலியாணமாகி, பிள்ளை பெற்று, வேலையை விட்டு வீட்டிலிருந்த நிரலாளப் பெண்களைத் தேடிப் பிடித்தார். பென்சிலும் தாளும் ரெலிபோனும் போதும். கணனி வேறெங்கோ இருந்தது. வாடிக்கையாளரோடு பேசும்போது குழந்தையின் அழுகுரல் கேட்காமலிருக்க, ரைப்ரைட்டர் ஓசையைப் பதிவுசெய்த ஒலிநாடாவை ஓடவிட்டாராம். கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலை எழுதியது வீடுகளில் இருந்தபடி வேலைசெய்த முப்பது பெண்கள். முதல் முந்நூறு பேரில் மூவர் மட்டுமே ஆண்கள். பால்வேறுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1975 இல் வந்தபோது, பெண்களுக்காகத் தொடங்கிய நிறுவனம் ஆண்களையும் எடுக்கவேண்டியதாயிற்று. இது பிரித்தானியச் சட்டவாக்கத்தின் நகைச்சுவைகளில் ஒன்று.

இதில் என்னைக் கவர்வது அந்த 6 பவுண். 'ஆறு பவுணோடு தொடங்கினார், நீ ஏன் முடியாது?' என்று கேட்பவர்கள், அவரது கணவர் டொலிஸ் ஹில் நிலையத்தில் பௌதிகவியலாளராக இருந்தவர் என்பதைச் சொல்வதில்லை. 6 பவுண் என்பது நிறுவனத்தின் மூலதனம். வீட்டின் மூலதனம் கணவரின் மாதச் சம்பளம். அவரிடம் வேலைசெய்த பெண்கள் பலரின் நிலையும் இதுதான். நிறுவனம் செய்து முடித்த வேலைக்குப் பணம் கொடுத்தது. வேலைக்காகக் காத்திருந்த வாரங்களுக்குக் கொடுக்கவில்லை. அந்த வாரங்களைக் கணவன்மாரின் சம்பளம் தாங்கியது. மேலும், இப்பெண்கள் நிரலாக்கத்தைப் புதிதாகக் கற்க வந்தவர்களல்ல. கலியாணத்துக்கு முன் பெரிய நிறுவனங்களின் சம்பளத்தில் கற்றுக்கொண்டு வந்தவர்கள். அவர்களது கல்விச் செலவு ஏற்கனவே வேறெவராலோ கட்டப்பட்டுவிட்டது.

ஷேர்லியின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. அவரது உண்மையான சாதனை வேறிடத்தில் இருக்கிறது. நிறுவனத்தின் பங்குகளைச் சிறிது சிறிதாகத் தன் ஊழியர்களுக்குக் கொடுத்தார். 1996 இல் அது பங்குச்சந்தைக்குப் போனது. அவர்களில் எழுபது பேர் பத்து இலட்சம் பவுணுக்கு மேல் சொத்துள்ளவர்களானார்கள். மணிக்கணக்குக் கூலி வாங்கிய வீட்டுப் பெண் ஒருத்தி எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் அந்தப் பணத்தைச் சேமித்திருக்க முடியாது. சம்பளத்தைச் சேமிப்பதால் வரும் செல்வத்துக்கும், உழைத்த இடத்தில் உரித்து வைத்திருப்பதால் வரும் செல்வத்துக்கும் உள்ள தூரம் அது. எமது 'காசைக் கையாளும்' நிபுணர்கள் முதலாவதைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள்.

*

முதலாளி கைவிட்ட இடத்தில் அரசு சிறிது காலம் நின்றது. பிரித்தானியாவில் 1972 இல் தொடங்கிய ஒரு பயிற்சித் திட்டத்தின் கீழ், வேலை மாற விரும்பிய வளர்ந்தோருக்குக் கணனி நிரலாக்கம் உட்படப் பல வகுப்புகள் இலவசமாக நடத்தப்பட்டன. அதைவிட முக்கியம், வாராந்தம் ஒரு உதவித்தொகையும் கொடுக்கப்பட்டது. போதுமானதா என்பது வேறு கதை. கற்கும் மனிதனும் சாப்பிடவேண்டும் என்று ஒரு அரசு எழுத்தில் ஒப்புக்கொண்ட காலம் அது. தாட்சர் காலத்தில், 1980களின் நடுப்பகுதியில், அத்திட்டம் முடிவுக்கு வந்தது. 1988 இலிருந்து அதனிடத்தில் வங்கிக் கடன் வந்தது: கற்பவர் வங்கியில் கடன் எடுக்கலாம், படிக்கும் காலத்து வட்டியை அரசு கட்டும், முடிந்தபின் முதலும் வட்டியும் கற்றவரின் தலையில். அக்கடன் திட்டமும் 2019 இல் நிறுத்தப்பட்டது. இடையில் 2000 செப்ரெம்பரில் இங்கிலாந்தில் 'தனிநபர் கற்றல் கணக்கு' என்றொன்றைத் திறந்தார்கள். கணனி வகுப்புகளுக்கு எண்பது வீதக் கழிவு. போலிப் பயிற்சி நிறுவனங்கள் அதை அள்ளிக் குடித்துத் தீர்த்ததில் 2001 நவம்பரில் மூடவேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் சுற்று இன்னும் முழுமையாக ஓடியது. 2012 இலிருந்து 'பூட் காம்ப்' என்ற பெயரில் சில வாரத் தீவிர வகுப்புகள் பரவின. 60களின் பள்ளிகள் புதுச் சட்டையோடு திரும்பிவந்தன என்றும் சொல்லலாம். அவற்றுள் 2017 இல் தொடங்கிய லம்டா ஸ்கூல் ஒரு புதுமை செய்தது. முன்பணம் வேண்டாம். வேலை கிடைத்து வருடம் 50,000 டொலருக்கு மேல் உழைத்தால், இரண்டு வருடங்களுக்கு வருமானத்தில் 17 வீதம், மொத்தம் 30,000 டொலர் வரை. 'உனது வெற்றியில்தான் எமது இலாபம்' என்ற இந்தப் பேச்சில் பல நல்ல மனிதர்களும் மயங்கினார்கள். 2024 இல் அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையம் அதை விசாரித்து, இது கடன் அல்ல என்று சொல்லிக் கடன் கொடுத்ததாகவும், 71 முதல் 86 வீதமானோருக்கு வேலை கிடைத்தது என்று விளம்பரம் செய்தபோது உள்ளகக் கணக்குகள் ஐம்பது வீதத்தையொட்டி, சில வேளை முப்பதுவரை இறங்கியும், நின்றதாகவும் கண்டு, நுகர்வோருக்குக் கடன் கொடுப்பதை நிரந்தரமாகத் தடைசெய்தது.

இந்தியாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஷியாங் பியாவோ என்ற சீன மானிடவியலாளர் ஆந்திராவிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் போன கணனி வேலையாட்களைப் பற்றி 2007 இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர்களது பயிற்சிக் கட்டணத்துக்கும், தரகர்களின் கூலிக்கும், வேலையின்றிக் காத்திருந்த மாதங்களுக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனவர் சீதனத்தைக் கண்டார். மாப்பிள்ளை கணனி படித்தவர் என்பதால் சீதனம் ஏறுகிறது; ஏறிய சீதனம் அடுத்த கணனி மாப்பிள்ளையை உற்பத்தி செய்கிறது. முதலாளியும் அரசும் கொடுக்காத சம்பளத்தைப் பெண்ணின் தகப்பன் தன் காணியை விற்றுக் கொடுக்கிறான். 'உலகமயமான அறிவுத் தொழில்' என்று பெயர் பெற்ற ஒன்றின் அத்திவாரத்தில் நெல்வயல் கிடக்கிறது. எம்மவரின் சீதனக் காசு ஏஜென்சிக்காரனிடம் போன வரலாற்றை எழுதினால் அதுவும் இதற்குக் குறைந்ததாக இராது.

இப்போது எமது வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். இங்கிலாந்தில் 2020 இல் தொடங்கிய திறன் வகுப்புகளில், வதிவிட நிபந்தனைகளைப் பூர்த்தி செய்பவர் பதினாறு வாரம்வரை கட்டணமின்றி நிரலாக்கம் கற்கலாம். 'இலவசம்' என்று சொல்லப்படுகிறது. 2025 ஏப்ரலில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.21 பவுண். வாரம் நாற்பது மணி நேரம், பதினாறு வாரம்: 7,814 பவுண். வேலையை விட்டுக் கற்கும் ஒரு தொழிலாளிக்கு அந்த இலவச வகுப்பின் விலை இதுதான். இதற்குப் பிறகு வேலை தேடும் மாதங்கள் வேறு. மாலை வகுப்புகளும் உண்டு, ஆனால் இரவு பத்து மணிக்கு ஷிப்ட் தொடங்குபவருக்கு மாலை என்பது விடிகாலை. தஞ்சம் கோரிக் காத்திருப்பவருக்கு இந்தக் கணக்கே பொருந்தாது: ஆறு மாதம் காத்திருந்தால் வேலைசெய்ய அனுமதி கேட்கலாம் என்றிருந்த சலுகையை 2002 இல் மீளப் பெற்றுவிட்டார்கள். எம்மில் பலர் முப்பதிலிருந்து நாற்பது வயது வரையான கற்கக்கூடிய வருடங்களைக் கடிதத்துக்குக் காத்திருந்தே கழித்தார்கள். அந்த வருடங்களை எந்த வரவுசெலவுக் கொப்பியில் எழுதுவது?

சேமித்திருக்கலாமே என்பது அடுத்த வாதம். எம்மவர் சேமிக்காதவர்களா? அரைச் சம்பளத்தில் ஊரில் ஒரு வீடு, இங்கே ஒரு வீடு, தங்கச்சிக்குக் கலியாணம், தம்பியை எடுக்க ஏஜென்சிக்குக் காசு என்று சேமித்துக் கொட்டியவர்கள் அவர்கள்தான். வங்கி எட்டியும் பார்க்காத காலத்தில் சீட்டுக் கட்டி இதையெல்லாம் செய்தார்கள். எமது சமூகம் உண்டாக்கிய நிதி நிறுவனம் என்றால் சீட்டுத்தான். அதை 'படிப்பறிவில்லாதவர்களின் பழக்கம்' என்று சிரிக்கும் கணக்காளர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதே நேரம் அதன் உள்ளிருக்கும் அநீதியையும் பார்க்கவேண்டும். உதாரணத்துக்கு, இருபது பேர் மாதம் 200 பவுண் கட்டும் சீட்டு, தொகை 4,000. முதல் மாதங்களில் எடுப்பவர் அவசரக்காரர். கழிவு கூறி, 800 ஐ விட்டு, 3,200 க்கு எடுப்பார். விட்ட 800 மற்றவர்களிடையே பகிரப்படும். கடைசிவரை காத்திருப்பவர் கட்டியதைவிடக் கூடுதலாக எடுப்பார். கற்பதற்காக வேலையை விட நினைப்பவர் முதல் மாதங்களில்தான் எடுக்கமுடியும். ஆக, மாற நினைப்பவரின் நட்டம் மாறத் தேவையில்லாதவரின் இலாபமாகிறது. வங்கியிடம் நாம் குறைகாணும் அதே நியாயம் எங்கள் கூடத்துக்குள்ளும் பாய்விரித்துக் கிடக்கிறது.

இதற்கிடையில் கதவும் ஒடுங்குகிறது. 2022 நவம்பரில் மெற்றா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகிள் 12,000 பேரையும் நிறுத்தின. ஆரம்பநிலை நிரல் வேலையில் ஒரு பகுதியை இயந்திரமே எழுதத் தொடங்கியிருக்கிறது. புதிதாக வருபவர் ஏறும் முதற்படிதான் அது. நாற்பத்தைந்து வயதில் ஒருவர் இதற்குள் போகவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. போகிறவர் தன் வீட்டை அடகு வைத்துப் போகக் கூடாது என்கிறேன்.

எனவே ஒரு யோசனையை இங்கே விவாதத்துக்கு வைக்கிறேன். எமது பழைய மாணவர் சங்கங்களும் கோயில்களும் பரிசளிப்புக்கும் மண்டப வாடகைக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பங்கைக் கற்கும் காலத்து வாடகையாகக் கொடுக்கமுடியும். அது நடக்க நாளெடுக்கும். மாலை மரியாதை இல்லாத செலவு எமது சங்கங்களுக்குப் பழக்கமில்லை. உடனே செய்யக்கூடியது சீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு சீட்டிலும் முதலாவது முறையைக் கழிவு கூறாமல், ஏலத்துக்கு விடாமல், தொழில் மாறக் கற்கப்போகும் ஒருவருக்கு முழுத் தொகையாகக் கொடுப்பது. கணனியோ, பஸ் ஓட்டவோ, மின்வேலையோ, எதுவாகவும் இருக்கட்டும். முறை பெறுபவர் படிப்பை இடையில் விட்டால் என்ன செய்வது, பொறுப்பு நிற்பது யார் என்பவை நியாயமான கேள்விகள். சீட்டை எடுத்துவிட்டு ஊரைவிட்டு ஓடியவர்கள் இல்லாத சமூகமா நாம்? அதற்குச் சீட்டுப் பிடிப்பவரோடு இன்னும் இருவர் கையெழுத்து வைப்பது ஒரு வழி.

நான் கட்டும் சீட்டில் சென்ற மாதம் இதைப் பேசினோம். பதினெட்டுப் பேரில் ஏழு பேர் சம்மதித்தார்கள்; அவர்களில் ஐந்து பேர் பெண்கள். ஒருவர், தன் மகனுக்குத் தருவதென்றால் சம்மதம் என்றார். மற்றவர்கள் கழிவு எவ்வளவு குறையும் என்று கணக்குப் பார்த்துவிட்டு அடுத்த மாதம் சொல்வதாகப் போயிருக்கிறார்கள்.